திரும்பி வரும் இரண்டு மில்லிமீட்டர்

“எவன் என் பொண்ணு மூஞ்சில கத்தி வெக்கிறான்னு நானும் பாக்குறேன்டி!”

“மூஞ்சில இல்லம்மா, வாய்க்குள்ள! எத்தினி தபா சொல்றது? உள்பக்கமாதான் அறுப்பாங்க. வெளிய ஒரு கோடு கூடத் தெரியாது.”

“உள்ள அறுத்தா இன்னா, வெளிய அறுத்தா இன்னா? எலும்பப் பொளந்து, பின்னால தள்ளி, ஸ்க்ரூ போடுவாங்களாம். நீ இன்னா பீரோவா?”

இந்த இடத்தில் நான் குக்கரை அணைத்துவிட்டேன். விசில் சத்தத்தில் பாதிப் பேச்சு போய்விடுகிறது. எங்கள் சமையலறை ஜன்னலுக்கும் வசந்தா வீட்டுச் சமையலறை ஜன்னலுக்கும் நடுவில் மூன்றடிச் சந்துதான். கோவில்பதாகையில் வயலை மனை போட்டு விற்றபோது காற்றுக்கென்று விட்ட இடம். காற்று வந்து நான் பார்த்ததில்லை. சேதி மட்டும் தவறாமல் வரும்.

ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணி. தெருவில் பாதி வீட்டில் கறி வெந்துகொண்டிருந்தது. வசந்தா வீட்டில் பெற்ற தாயும் ஒரே பெண்ணும் கொதித்துக்கொண்டிருந்தார்கள்.

“ஆடி மாசத்துல எவளாச்சும்…”

“ஆடி முடிஞ்சுதான் தேதி. ஆவணி நாலு. உனக்காகக் காலண்டரைப் பாத்துட்டுதான் டாக்டர் கிட்ட சொன்னேன்.” இது கிருஷ்ணப்பிரியா. இருபத்தாறு வயது, அம்பத்தூரில் கம்ப்யூட்டர் கம்பெனி வேலை. “ஒன்றரை வருஷமா பல்லுல கம்பியோட சுத்தறேனே, எதுக்கு? நீதான எல்லாத் தபாவும் கூட வந்த?”

“கம்பி போடத்தான் வந்தேன். வெட்றதுக்கு வரல.”

“கம்பியே வெட்றதுக்குதாம்மா! எனக்கு முன்பல்லால ஒரு இட்லியக் கூடக் கடிக்க முடியல. காதாண்ட வலி. இதெல்லாம் உடு. காலைல பல்லு வெளக்கப் போனா கண்ணாடில அந்த ஆளு நிக்கிறான். என் கழுத்துக்கு மேல அவன் மூஞ்சி! எனக்கு வாணாம். எடுத்துடச் சொல்லிட்டேன். புரிஞ்சுதா?”

“அதான்டி,” என்றாள் வசந்தா. குரல் சட்டென்று இறங்கிவிட்டது. நான் ஜன்னல் கம்பியில் காதை வைக்க வேண்டியதாயிற்று. “அதான்டி நானும் சொல்றேன்.”

அதற்கப்புறம் அந்த வீட்டிலிருந்து சத்தமே வரவில்லை.

“இன்னாடி ஆச்சு?” என்று ஹாலிலிருந்து என் வீட்டுக்காரர் பக்தவத்சலம் கேட்டார். டாங்கி ஃபாக்டரியில் முப்பத்தாறு வருஷம் இரும்புச் சத்தத்தில் இருந்தவர். அவருக்குப் பெரிய சத்தம்தான் கேட்கும்.

“உங்களுக்குப் புரியாது. பேப்பரப் படிங்க.”

அந்த ஆள் என்றால் லோகநாதன். வசந்தாவின் புருஷன். ஊரில் ‘கரண்டி லோகு’ என்றால்தான் தெரியும். கீழ்த்தாடை அப்படி முன்னால் ஏந்திக்கொண்டு நிற்கும். மழை பெய்தால் ரெண்டு சொட்டு பிடிக்கலாம் என்று டீக்கடையில் கிண்டல் பண்ணுவார்கள். அவனும் கோபித்துக்கொள்ள மாட்டான். அந்தத் தாடையை இன்னும் கொஞ்சம் நீட்டி, “புடிச்சு வெச்சுக்கறேன் மாமே, கோடையில கேளு,” என்பான். சிரித்தால் கீழ்ப்பல் வரிசை மட்டும்தான் தெரியும். ஆனால் அந்தச் சிரிப்பில் ஏதோ இருந்தது என்பதை நானும் மறைக்கப் போவதில்லை. அவன் போர்வெல் போடுகிற வேலை பார்த்தான். பதினொரு வருஷத்துக்கு முன்னால் வேப்பம்பட்டில் ஒரு மனைக்கு போர் போடப் போனான். தண்ணீர் வந்ததாம். அவன் வரவில்லை. அங்கேயே ஒருத்தியோடு குடித்தனம், தண்ணீர் கேன் வியாபாரம்.

வசந்தா அழுது ஊரைக் கூட்டுவாள் என்று காத்திருந்தோம். அவள் மறுநாள் காலை எட்டு மணிக்கு ஆவடிக்கு வேலைக்குப் போனாள். பட்டாளத்துக்காரர்களுக்கு உடுப்பு தைக்கிற ஃபாக்டரியில் டைலர். தாலியைக் கழற்றவில்லை. ரேஷன் கார்டில் அவன் பேரை எடுக்கவில்லை. திட்டவுமில்லை, பேரையும் சொல்லவில்லை. ஆனால் அதை அவன் இருந்த காலத்திலேயே சொன்னதில்லை. புருஷன் பேரைச் சொல்லாத வீட்டில் வளர்ந்தவள்.

கோபத்தைக் காட்டியவள் பெண்தான். பதினாறு வயதில் ஒரு நாள், அம்மா வேலைக்குப் போன நேரம் பார்த்து, துணி வெட்டுகிற கத்திரிக்கோலை எடுத்துக் கல்யாண ஆல்பத்திலிருந்து எல்லாப் படத்திலும் அப்பன் தலையை வெட்டி எடுத்துவிட்டாள். சாயங்காலம் வசந்தா வந்து ஆல்பத்தைத் திறந்தாள். மாலையும் பட்டு வேட்டியும் இருக்கிறது, மேலே ஓட்டை. எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்காதீர்கள், மூன்றடிச் சந்து.

ஆக, அந்த வீட்டில் லோகநாதன் முகம் என்று மிச்சம் இருந்தது ஒரே ஒரு இடத்தில்தான். அதையும் ஆவணி நாலாம் தேதி எடுக்கப் போகிறார்கள்.

இதில் கூத்து என்னவென்றால், ஒன்றரை வருஷத்துக்கு முன்னால் பிரியா முகத்தில் அவன் அவ்வளவாக இல்லை. ஜாடை இருந்தது, அவ்வளவுதான். கம்பி போட்ட பிறகுதான் நாளுக்கு நாள் வந்து நின்றான். முதல் தடவை பல் டாக்டரம்மாவைப் பார்க்கப் போனபோது துணைக்கு என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். கூப்பிடாவிட்டாலும் போயிருப்பேன். டாக்டரம்மா சின்ன வயசு, பொறுமைசாலி. பிரியாவின் பல் வரிசையை மாவில் அச்செடுத்து மேசைமேல் வைத்துக்கொண்டு விளக்கினார்.

“இங்க பாருங்கம்மா. கீழ்த்தாடை முன்னாடி வளர்ந்திருக்கு. ஆனா பல்லு என்ன பண்ணியிருக்கு தெரியுமா? கீழ்ப்பல்லெல்லாம் உள்பக்கமா சாஞ்சு, மேல்பல்லெல்லாம் வெளிப்பக்கமா சாஞ்சு, எப்படியாவது ஒண்ணையொண்ணு தொட்டுக்கப் பார்த்திருக்கு. தாடையில இருக்கற வித்தியாசத்தைப் பல்லு மறைச்சு வெச்சிருக்கு.”

“பல்லு பொய் சொல்லுதுன்றீங்க,” என்றேன் நான்.

“அதேதான் ஆன்ட்டி. முதல்ல கம்பி போட்டு ஒவ்வொரு பல்லையும் அதது எலும்பு மேல நேரா நிக்க வைக்கணும். அப்ப உண்மையான வித்தியாசம் வெளிய தெரியும். பார்க்க இன்னும் மோசமாத்தான் இருக்கும். பயந்துடாதீங்க. பல்லு நேரானாத்தான் ஆபரேஷன்ல தாடையைச் சரியான இடத்துல வைக்க முடியும்.”

வசந்தா அப்போது தலையை ஆட்டினாளே தவிர, ஒன்றும் புரிந்த மாதிரி தெரியவில்லை. ஆறு மாதம் போனதும் புரிந்தது. கீழ்ப்பல் நிமிர நிமிர, உதடு முன்னால் வந்தது. உதட்டோடு தாடையும் வந்தது. தெருவில் சும்மா இருப்பார்களா? “காசு குடுத்துக் கரண்டி வாங்கினு வராடா,” என்று மூலைவீட்டு டில்லிபாபு சொன்னதை நானே என் காதால் கேட்டேன். பிரியா மாஸ்க் போட்டுக்கொண்டு வேலைக்குப் போக ஆரம்பித்தாள். கொரோனா போய் எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது, அவளுக்கு மட்டும் போகவில்லை.

வசந்தாவோ மாறிக்கொண்டே வந்தாள். மாசாமாசம் கம்பி முறுக்கப் போகிற நாளில் லீவு போட்டுவிட்டுக் கூடப் போனாள். ‘எப்பேர்ப்பட்ட அம்மா’ என்று டாக்டரம்மாவே பாராட்டினார். வீட்டில் பெண் சாப்பிடும்போது எதிரில் உட்கார்ந்து பார்ப்பாள். முன்பல்லால் கடிக்க முடியாமல் பிரியா தோசையைப் பிய்த்து இடது கடைவாயில் தள்ளி மென்றால், இவள் கரண்டியைக் கையில் பிடித்தபடி அப்படியே நிற்பாள், தோசைக்கல் புகைந்துவிடும். அவனும் அப்படித்தான் மெல்லுவான். பெண் கோபித்துக்கொண்டு தாடையை நீட்டினால் இவளுக்குச் சிரிப்பு வந்துவிடும். “இன்னாத்துக்கும்மா சிரிக்கிற?” “ஒண்ணும் இல்லடி, சாப்புடு.” பூக்காரி நாகம்மாளிடம் தினமும் ரெண்டு முழம் வாங்க ஆரம்பித்தாள். ஐம்பது வயதில் இவளுக்கு என்ன வந்தது என்று நானும் நாகம்மாளும் ஒரு வாரம் பேசினோம்.

சண்டைக்கு மூன்றாம் நாள் வசந்தா வந்து என் வீட்டு வாசலில் நின்றாள்.

“புஷ்பாக்கா, ஒரு நடை டாக்டர் ஊட்டாண்ட வரியா? கிளினிக்குக்குத்தான். நான் கேட்டா ஒளறிடுவேன். நீ கூட இரு.”

போனோம். பெண்ணுக்குத் தெரியாது. டாக்டரம்மா எதிரில் வசந்தா புடவைத் தலைப்பை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்தாள்.

“டாக்டர், இப்பிடியே நிறுத்திட முடியாதா?”

“எப்படியே?”

“இப்ப கீறாளே… இந்த மாதிரியே. கம்பிய மட்டும் கழட்டிட்டு.”

டாக்டரம்மா சிரிக்கவில்லை. “முடியாதும்மா. இது பாதி வழி. இப்ப மேல்பல்லும் கீழ்ப்பல்லும் தொடவே தொடாது. இப்படியே விட்டா அவங்களால ஒழுங்கா சாப்பிடவே முடியாது. ஆபரேஷன்னா பயம்தான், எனக்குப் புரியுது. மயக்க மருந்துக்கா பயப்படறீங்க?”

“மயக்கத்துக்கு இல்ல.” வசந்தா என்னைப் பார்த்தாள். நான் சுவரில் இருந்த பல் படத்தைப் பார்த்தேன். “பண்ணிட்டா… அப்டியே போயிடுமா? மொத்தமா?”

“மொத்தமா சரியாயிடும். ஆனா உங்ககிட்ட மறைக்கக் கூடாது. எந்தத் தாடை ஆபரேஷன்லயும் கொஞ்சம் திரும்பி வர வாய்ப்பு இருக்கு. நாக்கு, தசை எல்லாம் பழைய இடத்துக்கே பழகினது இல்லையா? அது இழுக்கும்.”

“திரும்பி வருமா?”

அந்த வார்த்தையை அவள் கேட்ட விதத்தை என்னால் எழுதிக் காட்ட முடியாது. பதினொரு வருஷமாக எங்கள் தெருவில் எவளும் அவள் எதிரில் அந்த வார்த்தையைச் சொன்னதில்லை.

“எவ்ளோ வரும் டாக்டர்?”

“ஒரு மில்லிமீட்டர், மிஞ்சினா ரெண்டு. வந்தா முதல் வருஷத்துக்குள்ள வரும். பயப்படாதீங்க. ரப்பர் போடுவோம், அப்புறம் ராத்திரியில போட்டுக்க ஒரு பிளேட் தருவோம். வர விடமாட்டோம்.”

“கொஞ்சம் வந்தா பரவால்ல டாக்டர்,” என்றாள் வசந்தா அவசரமாக. “ரெண்டுதான? வரட்டும்.”

டாக்டரம்மா இதைப் பெருந்தன்மை என்று எடுத்துக்கொண்டார். “இந்த மாதிரி புரிஞ்சுக்கற அம்மா எல்லாருக்கும் கிடைக்காது,” என்று என்னிடம் சொன்னார். நான் ஆமாம் என்றேன். பஸ் ஸ்டாப்பில் வசந்தா, “ரெண்டு மில்லிமீட்டர்னா எத்தினிக்கா?” என்று கேட்டாள். டைலருக்குத் தெரியாதா? தெரியும். அவளுக்கு அதை என் வாயால் கேட்க வேண்டும். சுண்டுவிரல் நகத்தைக் காட்டி, “இதுல கால்வாசி” என்றேன். அவள் தன் நகத்தைப் பார்த்துக்கொண்டே வீடு வந்து சேர்ந்தாள். வந்ததும் பெண்ணிடம், “பண்ணிக்கோ” என்றாள்.

ஆவணி மூன்றாம் தேதி காலையில் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். பிரியாவை எடை பார்க்க உள்ளே அழைத்துப் போயிருந்தார்கள். கவுன்ட்டரில் ஒரு பெண் கம்ப்யூட்டரைத் தட்டிக்கொண்டு கேட்டாள்: “கூட இருக்கறவங்க பேரு? … வசந்தா. கணவர் பேரு?”

இவள் வாயைத் திறக்கவில்லை. வழக்கமாகப் பிரியாதான் சொல்லுவாள். நான் சொல்லியிருக்கலாம், என்ன செய்கிறாள் பார்ப்போம் என்று இருந்துவிட்டேன்.

“உலகத்துக்கே நாதன்மா,” என்றாள் வசந்தா வெட்கத்தோடு.

“ஜெகந்நாதனா?”

“ஐயய்யோ, அது யாரு?”

“அப்ப விஸ்வநாதன். போட்டுட்டேன்.” பிரின்ட் அடிக்கிற சத்தம் கேட்டது. பின்னால் வரிசையில் இருந்தவர், “சீக்கிரம்மா” என்றார்.

“இல்ல, இல்ல. நிறுத்தும்மா.” வசந்தா கவுன்ட்டர் கம்பியை ரெண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். “லோகநாதன்.” நான் அவளைத் திரும்பிப் பார்த்தேன். இருபத்தெட்டு வருஷத்தில் முதல் தடவை. “லோகநாதன்னு போடு. லோகநாதன்.” ஒரு தடவை போதும், மூன்று தடவை சொன்னாள். அப்புறம் நாற்காலியில் வந்து உட்கார்ந்து, ஓடி வந்தவள் மாதிரி மூச்சு வாங்கினாள்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. முதல் வாரம் முகம் பூசணிக்காய். வாய்க்குள் மேலும் கீழும் ரப்பரால் பூட்டியிருந்தார்கள். வசந்தா பருப்புத் தண்ணியையும் கேழ்வரகுக் கஞ்சியையும் மிக்ஸியில் அடித்து, வடிகட்டி, ஊசியில்லாத சிரிஞ்சில் கடைவாய் ஓரமாகப் புகட்டினாள். தெருவே வந்து பார்த்துவிட்டுப் போனது. வீக்கம் வடிய ஒரு மாதம் ஆயிற்று. வடிந்த பிறகு பார்த்தால், அழகான ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். நிஜமாகவே அழகு. யாரோ மாதிரி இருந்தாள்.

பிரியா கண்ணாடி முன்னாலிருந்து நகரவில்லை. வசந்தா கண்ணாடி பக்கமே போகவில்லை. சாப்பாடு கொடுக்கும்போது நெற்றியைப் பார்த்துப் பேசுவாள், இல்லாவிட்டால் காதை.

கம்பி இன்னும் பல்லில்தான் இருந்தது. மேலே கடைவாய்க் கொக்கியிலிருந்து கீழே முன்பல் கொக்கிக்குச் சின்னச் சின்ன ரப்பர் வளையம் மாட்ட வேண்டும். சாப்பிடுகிற, பல் விளக்குகிற நேரம் தவிர நாள் பூராவும் அது தாடையைப் பிடித்து வைத்திருக்க வேண்டும். தினமும் புது ரப்பர்.

ஐப்பசியில் ஒரு நாள் கொஞ்சம் புளி வாங்க அவர்கள் சமையலறைக்குப் போனேன். வசந்தா குளித்துக்கொண்டிருந்தாள். எங்கே என்ன இருக்கிறது என்று எனக்கே தெரியும், எடுத்துக்கொள்ள வேண்டியதுதானே. புளி ஜாடிக்குள் கையை விட்டால், புளிக்கு அடியில் பிளாஸ்டிக் பாக்கெட். உள்ளே ரப்பர் வளையங்கள். நாலு பாக்கெட்.

உள் அறையில் பிரியா, “அம்மா, ரப்பர் எங்கம்மா? ரெண்டு நாளா தேடறேன்,” என்று கத்தினாள்.

குளியலறையிலிருந்து, “தீந்துருக்கும்டி. அடுத்த வாரம் டாக்டராண்ட போறப்ப வாங்கிக்கலாம்,” என்று பதில் வந்தது.

நான் புளியை எடுத்துக்கொண்டு ஜாடியை மூடிவிட்டு வந்துவிட்டேன். தெருவில் ஒருத்தியிடமும் சொல்லவில்லை. நாகம்மாளிடம் கூடச் சொல்லவில்லை. அது எனக்கு எவ்வளவு கஷ்டம் என்று என்னைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும்.

மறுநாள் மனசு கேட்காமல் மறுபடி போனேன். புளி தீர்ந்துவிட்டது என்று சொல்லிக்கொண்டேன். பிரியா கண்ணாடி முன்னால் நின்றுகொண்டிருந்தாள். வலது உள்ளங்கையை மோவாயில் வைத்து உள்பக்கமாகத் தள்ளிக்கொண்டிருந்தாள். கண்ணில் தண்ணீர்.

“பெரிம்மா, கடி மாறுற மாதிரி கீது. பல்லு முந்தி உக்காந்த எடத்துல உக்கார மாட்டேங்குது. திரும்பி வருது பெரிம்மா. எல்லாம் திரும்பி வருது. நான் இன்னா பண்ணுவேன்? மறுபடியும் மாஸ்க்கப் போட்டுக்கினு…”

உள்ளே நுழையப் பார்க்கிற ஒருத்தனைக் கதவோடு சேர்த்துத் தள்ளுகிற மாதிரி தள்ளினாள். வசந்தா நிலைப்படியில் நின்று அதைப் பார்த்தாள். எவ்வளவு நேரம் பார்த்தாள் என்று தெரியாது. அப்புறம் சமையலறைக்குப் போனாள். ஜாடி மூடி விழுந்து உருண்டது.

“புளி ஜாடியாண்ட விழுந்து கெடந்துச்சுடி,” என்றாள், பாக்கெட்டைத் தலைப்பில் துடைத்துக்கொண்டே.

பிரியா பாக்கெட்டை வாங்கிப் பார்த்தாள். ஓரத்தில் ஒட்டியிருந்த புளியை நகத்தால் சுரண்டினாள். அம்மாவைப் பார்த்தாள். அந்தப் பெண் கத்தப் போகிறாள், இன்றைக்கு ஊரே கூடப் போகிறது என்று நான் நினைத்தேன். அவளோ வாயைத் திறந்து காட்டினாள்.

வசந்தா கையைக் கழுவிவிட்டு வந்து, ஊசியில் நூல் கோக்கிற பார்வையோடு, மேல் கொக்கியில் ஒன்றை மாட்டிக் கீழே இழுத்தாள். ஒரு பக்கம். அப்புறம் மறுபக்கம். “வலிக்குதா?” என்றாள். பிரியா இல்லை என்று தலையாட்டினாள். வலித்திருக்கும்.

அன்றிலிருந்து ரப்பர் மாட்டுவது வசந்தாவின் வேலை. காலையில் ஃபாக்டரிக்குக் கிளம்புமுன், சாயங்காலம் வந்ததும். கம்பி கழற்றிய பிறகு ராத்திரி பிளேட். ஒரு நாள் தப்பவில்லை. “பிளேட்டு போட்டியாடி?” என்று அவள் கேட்பதைக் கேட்டுத்தான் நாங்கள் டிவியை நிறுத்துவோம்.

ஒரு வருஷம் முடிந்து எக்ஸ்ரே எடுத்தபோது நானும் கூட இருந்தேன். பழைய படத்தையும் புதுப் படத்தையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து டாக்டரம்மா காட்டினார். கோட்டின் மேலேயே கோடு.

“சூப்பர்! ஒரு மில்லிமீட்டர் கூடத் திரும்பி வரலை.”

பிரியா கைதட்டினாள்.

“வரலையா?” என்றாள் வசந்தா.

“வரவே இல்லம்மா. இனிமேலும் வராது. எல்லாம் உங்க கவனிப்புதான்.”

“சரி டாக்டர்,” என்றாள். படத்தைக் கையில் வாங்கி வெளிச்சத்தில் பிடித்து, ரெண்டு கோட்டுக்கும் நடுவில் எங்காவது இடைவெளி இருக்கிறதா என்று ரொம்ப நேரம் தேடினாள். அடுத்த பேஷன்ட்டைக் கூப்பிடும்வரை தேடினாள்.

தை மாதம் பிரியாவுக்குக் கல்யாணம் நடந்தது. மாப்பிள்ளை அஸ்வின், அதே கம்பெனி. கம்பியும் மாஸ்க்குமாக இருந்த காலத்திலேயே அவளோடு டீ குடித்தவனாம். அது எனக்கே தெரியாமல் நடந்தது, அதில்தான் எனக்கு வருத்தம். கொரட்டூரில் ஏரிப்பக்கம் ஃபிளாட் பார்த்துக் குடிபோய்விட்டார்கள். பத்திரிகையில் அப்பன் பேரைப் போட்டார்கள். பத்திரிகையை அப்பனுக்குக் கொடுக்கவில்லை.

சித்திரையில் வசந்தா வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு வேப்பம்பட்டில் ஸ்டேஷன் பக்கமாக ஒரு சின்ன வீடு எடுத்துக்கொண்டு போனாள். ஆவடியில் வேலை பார்க்கிறவள் ஆவடியை விட்டு அஞ்சு ஸ்டேஷன் தள்ளிப் போவானேன் என்று சாமான் ஏற்றும்போது கேட்டேன். “அங்க தண்ணி நல்லா கீதாம்க்கா,” என்றாள், பூவைச் சரிசெய்துகொண்டே. நல்ல தண்ணீர் இருக்கிற ஊரில் ஒருத்தன் கேன் தண்ணீர் போட்டு எப்படிப் பிழைக்கிறான் என்று நான் கேட்கவில்லை.